இவருக்குப் பதில் இவர்: மரக்காணம் என்றொரு துணை நடிகர்

தமிழ் சீரியல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஒரு வரி மறக்காது. மாமனார் மாடிப்படி ஏறிப் போவார். மறுநாள் இறங்கி வருவது வேறு ஆள். காட்சி ஒரு விநாடி உறைந்து நிற்கும். கீழே எழுத்து வரும்: ‘இனி இவருக்குப் பதில் இவர்.’ முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய மாமியார், புருஷனின் மூக்கு மாறிப்போனதைக் கண்டுகொள்ளாமல் காபி டம்ளரை நீட்டுவாள். நமக்கும் ரெண்டு நாளில் பழகிவிடும்.

அந்த மாமனார் கொடுத்துவைத்தவர். எழுத்துப் போட்டுச் சொல்லும் அளவுக்காவது மதித்தார்கள். சித்தப்பா என்ன ஆனார்? வேலை விஷயமாகத் துபாய் போனவர், நானூறு எபிசோடு ஆகியும் திரும்பவில்லை. அவர் பெண்ணுக்குக் கல்யாணமே நடந்து முடிந்தது. ஒரு வீடியோ கால் கிடையாது. தம்பிக்காரன் கோமாவில் படுத்தான். ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுகிறார்கள் என்றுகூட அந்தக் குடும்பத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இதில் சதி ஒன்றும் இல்லை, வெறும் கணக்குதான். வாரத்துக்கு ஆறு நாள், தினம் அரை மணி நேரம் நிரப்பியாக வேண்டும். நடிகருக்குச் சம்பளம் நாள் கணக்கில். எட்டுப் பேர் நிற்கிற கூடத்தில் ஒரு பூச்சாடி உடைந்தால் எட்டு முகமும் தனித்தனியாக அதிர வேண்டும். அதை எடுத்து முடிப்பதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிடும். நாலு பேரை ஊரைவிட்டு அனுப்பினால் சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொரு சீன் தேறும். வியாழக்கிழமை ரேட்டிங் வரும். எந்தக் கண்ணீருக்குப் புள்ளி ஏறியதோ அந்தக் கண்ணீரே அடுத்த வாரமும் ஓடும். சித்தப்பா நன்றாக நடித்தாரா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது.

இந்தக் கலையை டிவிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்று பழி போடாதீர்கள். லட்சுமணன் அண்ணனோடு பதினாலு வருஷம் காட்டுக்குப் போனான்; வீட்டில் விட்டுப்போன ஊர்மிளை என்ன ஆனாள், காவியம் ஏன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று தாகூர் ஒரு கட்டுரையில் வால்மீகியிடமே சண்டைக்குப் போனார். பிறகு 1931-ல் மைதிலி சரண் குப்த் இந்தியில் ‘சாகேத்’ எழுதி அவளுக்குக் கால்ஷீட் வாங்கிக் கொடுத்தார். ஒரு பெண்ணுக்கு இரண்டு கவிஞர்கள் வாதாட வந்தார்கள். ஊர்களுக்கு யார் வருவார்?

மரக்காணத்தைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிற யாரும் அதைப் பார்த்திருப்பார்கள். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரிசையாக வெள்ளைக் குவியல்கள். வண்டியை ஓரங்கட்டி ஒரு செல்ஃபி, அப்புறம் நேரே புதுச்சேரி. இரண்டாயிரம் வருஷமாக அந்த ஊருக்கு நடப்பது இதுதான். யாரோ எங்கேயோ போகிற வழியில் அது வருகிறது. கேமரா அங்கே நிற்பதில்லை.

முதல் எபிசோடு, கி.பி. முதல் நூற்றாண்டு. ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளுஸ்’ என்று ஒரு கிரேக்கக் கையேடு. எகிப்திலிருந்து வியாபாரம் பண்ணிய யாரோ ஒருவர் எழுதியது. எழுதியவர் பெயரே டைட்டிலில் இல்லை. கதாசிரியரையே ஓரங்கட்டிய ஸ்கிரிப்ட் அது. நம் கீழைக்கரைத் துறைமுகங்கள் மூன்றை அவர் வரிசையாகச் சொல்கிறார்: கமரா, பொதுகே, சொபட்மா. கமரா காவிரிப்பூம்பட்டினம், பொதுகே புதுச்சேரி பக்கத்து அரிக்கமேடு, சொபட்மா மரக்காணம் என்று ஆய்வாளர்கள் பலர் பொருத்திப் பார்க்கிறார்கள். மூன்று பேருக்கும் ஒரே வாக்கியத்தில் சமமான அறிமுகம். அதற்குப் பிறகு பாருங்கள் கூத்தை. காவிரிப்பூம்பட்டினத்துக்குப் பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் கிடைத்தன, அதாவது சொந்தமாக இரண்டு சீரியல். அரிக்கமேட்டுக்கு 1945-ல் மார்ட்டிமர் வீலர் வந்தார். ரோமானிய ஜாடித் துண்டுகளைத் தூக்கிக் காட்டி உலகப் புகழ் வாங்கிக் கொடுத்தார். மூன்றாவது ஆளை மாநிலத் தொல்லியல் துறை 2005-06-ல் தோண்டிப் பார்த்தது. வீலருக்கும் அதற்கும் நடுவே அறுபது வருஷ இடைவெளி. சித்தப்பாவே இதைவிடச் சீக்கிரம் திரும்பியிருப்பார்.

ஒரே ஒரு தடவை சான்ஸ் வந்தது. சிறுபாணாற்றுப்படை. நத்தத்தனார் எழுதியது. தமிழில் அது ஒரு துணிச்சலான ஸ்கிரிப்ட் என்பது என் கட்சி. சேர, சோழ, பாண்டியர் மூன்று பேரையும் வரிசையாக நிற்கவைத்து, உங்கள் வஞ்சியும் உறந்தையும் மதுரையும் எங்கள் ஆளிடம் கிடைக்கிற பரிசிலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடுகிறார் புலவர். கடையெழு வள்ளல்களை அழைத்துவந்து அணிவகுக்கச் செய்து அவர்களையும் ஒதுக்குகிறார். அத்தனை ஸ்டாரையும் தள்ளிவிட்டு யாரை ஹீரோ ஆக்குகிறார்? ஓய்மா நாட்டு நல்லியக்கோடனை. இன்றைய திண்டிவனம் பக்கத்துக் குறுநில மன்னன். துணை நடிகருக்கு லீட் ரோல் கொடுத்த முதல் தமிழ்த் தயாரிப்பு என்றே சொல்லலாம்.

அந்தப் படைப்பிலும் மரக்காணத்துக்குக் கிடைத்தது என்ன? சாப்பாட்டு சீன். எயிற்பட்டினம் என்ற பெயரில் அறிஞர்கள் அடையாளம் காண்பது இந்த ஊரைத்தான். பரிசில் வாங்கப் போகிற பாணன் வழியில் அங்கே வருகிறான். அலை ஒதுக்கிய வாசனைக் கட்டைகள் கரையில் கிடக்கின்றன, ஒட்டகம் படுத்துத் தூங்குவதுபோல். அதை விறகாக எரித்து நுளையர் வீட்டுப் பெண் வடித்த கள்ளைப் பரதவர் ஊற்றிக் கொடுக்கிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட குழல்மீன். சாப்பிட்டான், வாயைத் துடைத்தான், வேலூர், ஆமூர், கிடங்கில் என்று நடையைக் கட்டினான். (இந்த வேலூர் கோட்டை இருக்கிற வேலூர் அல்ல.) சொந்த நாட்டுக் கதையில், சொந்த மன்னன் ஹீரோவாக இருக்கும்போதே, ஒரு வேளைச் சாப்பாடு போடத்தான் எயிற்பட்டினத்தைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒட்டகத்துக்குக்கூட உவமையில் வேலை கிடைத்ததைக் கவனியுங்கள். இன்னொன்றும் உண்டு. அதே பாட்டின் பாண்டிய நாட்டுப் பகுதியில் உப்பு வண்டிகள் போகின்றன. உமணர் கூட்டம், கூடவே அவர்கள் வளர்க்கும் மந்தி. உமணர் பிள்ளைகளோடு சேர்ந்து அந்தக் குரங்கு கிலுகிலுப்பை ஆட்டுகிறது, கிலுகிலுப்பைக்குள் முத்து. உப்பு விற்றவர்களுக்கு வண்டி ஷாட் கிடைத்தது, குரங்குக்கு க்ளோஸ்-அப் கிடைத்தது. வெயிலில் பாத்தி கட்டி உப்பு விளைவித்தவருக்கு அந்த சீனில் ‘மற்றும் பலர்’ கூடக் கிடையாது. நத்தத்தனாரை நான் குறை சொல்லவில்லை. அவர் ஹீரோ அரண்மனையில் காத்திருக்கிறார். பாணனைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

சோழர்கள் வந்தார்கள். மரக்காணத்து பூமீஸ்வரர் கோயில் சுவரில் கல்வெட்டுகளை வெட்டினார்கள். அவர்கள் காலத்தில் உப்பளங்களுக்கு அரசர் பட்டப்பெயரையே வைக்கிற வழக்கம் இருந்தது. இன்னார் பேரளம், அன்னார் பேரளம் என்று. ராஜா ஒரு நாளும் பாத்தியில் கால் வைத்திருக்க மாட்டார், ஆனால் டைட்டில் கார்டில் அவர்தான்.

அடுத்தது பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன் சண்டை. இதில் புதுச்சேரி ஹீரோயின் ஆனதற்கு ஒரு முக்கியக் காரணம், கதாசிரியர் அங்கேயே குடியிருந்தார் என்பது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல் டைரி எழுத ஆரம்பித்தார். துய்ப்ளெக்சின் தலைமைத் துபாஷி. யார் வந்தார், யார் போனார், யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்பது வரை எழுதினார். மரக்காணத்துக்குச் சற்று வடக்கே, கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இருந்தது. துறைமுகம் உண்டு, நாணயச்சாலை உண்டு, உப்பு ஏற்றுமதி உண்டு. 1750-ல் துய்ப்ளெக்சுக்குப் பரிசாகக் கைமாறியது. 1760-ல் இங்கிலீஷ்காரன் இடித்துப்போட்டான். பத்தே வருஷத்தில் அறிமுகம், திருமணம், விபத்து எல்லாம் முடிந்துபோன கேரக்டர். வீட்டோடு ஒரு டைரிக்காரர் இருந்திருந்தால் ஆலம்பரையும் இரண்டு சீசன் தாங்கியிருக்கும்.

பிறகு கம்பெனி. 1805-ல் சென்னை மாகாணத்து உப்பு மொத்தத்தையும் ஏகபோகமாக எடுத்துக்கொண்டது. விளைவிப்பவன் கம்பெனிக்குத்தான் கொடுக்க வேண்டும், கம்பெனி சொன்ன விலைக்கு. சீரியல் பாஷையில் இதற்கு எக்ஸ்குளூசிவ் காண்ட்ராக்ட் என்று பெயர்.

அந்தச் சமயத்தில்தான் ‘இவருக்குப் பதில் இவர்’ நிஜமாகவே நடந்தது. 1806-ல் சென்னைக்கு வடக்கே ஒரு கால்வாய். வெட்டியது பேசில் காக்ரேன் என்ற வியாபாரி, அவர் பெயரே அதற்கு. நீட்டி நீட்டி வெட்டிக்கொண்டே போனார்கள். 1876-78 பெரும்பஞ்சம் வந்தது. சோற்றுக்கில்லாத ஜனங்களைச் சென்னைக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே மண்வெட்டச் சொன்னது சர்க்கார். எட்டு கிலோமீட்டர் வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்தவர் பக்கிங்ஹாம் பிரபு. கால்வாய் பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. காக்ரேன் மாடிப்படி ஏறினார், பக்கிங்ஹாம் இறங்கி வந்தார். பட்டினியோடு மண் சுமந்தவர்களை எந்த மாடிக்கும் யாரும் கூப்பிடவில்லை. ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்தில் தொடங்கி 420 கிலோமீட்டர் வந்து, அந்தக் கால்வாய் எந்த ஊரில் முடிகிறது தெரியுமா? மரக்காணத்தில். கிளைமாக்ஸ் காட்சி அவர்கள் வீட்டு வாசலிலேயே நடந்தும் பெயர் வரவில்லை.

1930. உப்பே ஹீரோயினாக நடித்த வருஷம். தண்டியில் காந்தி ஒரிஜினலை எடுத்தாயிற்று. தமிழ் ரீமேக் ராஜாஜி கையில். உப்பு எங்கே அள்ளுவது? மரக்காணம் ஆடிஷனுக்கு வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். கடல் உண்டு, களத்தில் உப்பு உண்டு, சென்னையிலிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். அதுதான் பிரச்சினையே. ஐந்தாறு நாளில் நடந்து முடித்துவிட்டால் எபிசோடு எப்படித் தேறும்? அப்புறம், ஒரு நாள் நடையில் பிரெஞ்சு எல்லை. துரத்துகிற மாகாணப் போலீஸ் எல்லையில் நின்று பல்லைக் கடிப்பதைப் பார்த்து யாருக்கு ரத்தம் கொதிக்கும்? இது முழுக்க என் கற்பனை. வேதாரண்யத்துக்குச் சான்ஸ் போனதன் நிஜக் காரணம் எளிது. அங்கே வேதரத்தினம் பிள்ளை என்ற உறுதியான உள்ளூர்க்காரர் இருந்தார். திருச்சியிலிருந்து அங்கே போகிற வழி முழுக்கக் காவிரிப் படுகை, ஊருக்கு ஊர் ஜனம்.

ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டி.எஸ்.எஸ்.ராஜன் வீட்டிலிருந்து சுமார் நூறு பேர் கிளம்பினார்கள். டைட்டில் சாங் நாமக்கல் கவிஞர். வில்லன் தஞ்சாவூர் கலெக்டர் தார்ன். யாத்திரைக்காரர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஜெயில் என்று உத்தரவு போட்டார். ஜனங்கள் சட்டத்தை மதித்தார்கள். யாருக்கும் சோறு போடவில்லை. சோற்றுப் பொட்டலங்களைக் கட்டி வழியில் இருந்த மரங்களில் தொங்கவிட்டார்கள். மரத்தைக் கைது பண்ண அன்றைக்குச் சட்டத்தில் வழி இல்லை. அந்தப் பொட்டலம் கட்டிய பெண்களின் பெயர்ப்பட்டியல் நம்மிடம் இல்லை, கலெக்டரின் முழுப்பெயர் இருக்கிறது.

ஏப்ரல் 28-ல் வேதாரண்யம். 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பை அள்ளினார், கைது, ஆறு மாதம். அந்த அளத்தில் வேலை செய்தவர்கள் அதற்கு முந்தின நாளும் அள்ளினார்கள், மறு நாளும் அள்ளினார்கள். அவர்கள் அள்ளினால் கூலி, அவர் அள்ளினால் சரித்திரம்.

அந்தக் கதையில் துணை நடிகர் ஒருவர் காட்சியைத் திருடினார். வைரப்பன், வேதாரண்யத்து முடிதிருத்துபவர். சத்தியாகிரகிகளை அடிக்கிற போலீசுக்குச் சவரம் செய்வதில்லை என்பது ஊர் முடிதிருத்துபவர்கள் எடுத்த முடிவு. மஃப்டியில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தார். பாதி முகம் மழித்தபிறகுதான் தெரிந்தது, கான்ஸ்டபிள் என்று. வைரப்பன் கத்தியை மடக்கிவிட்டார். அதற்கு ஜெயிலுக்கும் போனார். வேதாரண்யத்தில் இன்று அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. நியாயம்தான். ஆனால் எனக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது அந்தக் கான்ஸ்டபிள். ஒரு கன்னத்தில் சுயராஜ்யம், மறு கன்னத்தில் ஏகாதிபத்தியம் என்று எழுந்து போனாரே, அன்று சாயங்கால அணிவகுப்பில் எந்தப் பக்கத்தைக் காட்டி சல்யூட் அடித்தார்? மீதியை யார் மழித்தது? சம்சாரமா, சக கான்ஸ்டபிளா, சொந்தக் கையா? வரலாற்றாசிரியர் ஒருவராவது அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

ருக்மணி லட்சுமிபதியையும் சொல்ல வேண்டும். உப்புச் சத்தியாகிரகத்தில் தண்டனை பெற்ற முதல் பெண் கைதி. பிற்பாடு மாகாண அமைச்சர். எழும்பூரில் மார்ஷல்ஸ் ரோட்டுக்கு அவர் பெயரை வைத்தார்கள். பலகையில் மார்ஷலுக்குப் பதில் இவர். ஆட்டோக்காரரிடம் மட்டும் இன்றைக்கும் மார்ஷல்ஸ் ரோடு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

துணை நடிகர் ஹீரோவைத் தாண்டுவதும் இல்லாமல் இல்லை. ‘எதிர்நீச்சல்’ சீரியல் நான்கு மருமகள்களின் கதையாகத்தான் 2022-ல் ஆரம்பித்தது. ஆதி குணசேகரனாக மாரிமுத்து வாயைத் திறந்தார், ஊரே வில்லனைப் பார்க்க உட்கார்ந்தது. 2023 செப்டம்பரில் அவர் மறைந்தபோது அந்த நாற்காலிக்கு வேல ராமமூர்த்தி வர வேண்டியதாயிற்று. கதையை நிறுத்தினாலும் நிறுத்தலாம், குணசேகரனை நிறுத்த முடியாது என்ற நிலை. வேதாரண்யம் யூனிட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். விருதுநகரிலிருந்து வந்த தொண்டர். பிடித்துக் கல்கத்தா அலிப்பூர் ஜெயில் வரைக்கும் அனுப்பினார்கள். காமராஜ் என்று பெயர். 1954-ல் ராஜாஜிக்குப் பதில் இவர் என்று எழுத்தே போட்டார்கள். அதே போராட்டத்தில் அடிபட்ட பக்தவத்சலம் 1963-ல் காமராஜருக்குப் பதில் வந்தார். ஒரு உப்பு யாத்திரையிலிருந்து மூன்று முதலமைச்சர்கள். உப்பு வரி 1947-ல் ஒழிந்தது. உப்பு வாருகிறவரின் வேலை ஒழியவில்லை.

இன்று உப்பு என்றால் தூத்துக்குடி. இலக்கியத்திலும் அப்படித்தான், ராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ‘கரிப்பு மணிகள்’ எழுதியது தூத்துக்குடி அளங்களை வைத்து. உப்புப் போராட்டம் என்றால் வேதாரண்யம். மரக்காணம் இரண்டுக்கும் அடுத்த வரிசையில், பிப்ரவரி வாக்கில் தொடங்கி செப்டம்பர் வரை வெயிலை நம்பி உப்பு எடுக்கிறது. அக்டோபரில் மழை வந்தால் பாத்தி கரையும், வேலை நின்றுவிடும். மழைக்காலத்துக்கு மாநில அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது.

வேலை நிற்கிற அந்த மழைக்காலத்தில்தான் மரக்காணத்துக்கு டிவியில் சான்ஸ் வரும். 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் ‘மரக்காணம் அருகே கரையைக் கடந்தது’ என்று எல்லாச் சேனலும் சொல்லின. வாக்கியத்தைக் கவனித்தீர்களா? கடந்தது புயல். மரக்காணம்கூட இல்லை, ‘அருகே’. ரெயின்கோட் போட்ட நிருபர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நிற்க, பின்னால் தென்னை ஆடியது. விடிந்ததும் வேன் சென்னைக்குத் திரும்பிவிட்டது. 2024 ஆகஸ்டில் பக்கத்துக் கழுவேலி ஏரி ராம்சார் பட்டியலில் ஏறியது; பூநாரை முதலான வலசைப் பறவைகளுக்கு உலக அங்கீகாரம். கெஸ்ட் ரோலில் மூன்று மாதம் வந்து போகிறவர்களுக்கு போஸ்டரில் இடம். வருஷத்துக்கு எட்டு மாதம் அங்கேயே நிற்கிறவர்களை இன்னும் யாரும் போட்டோ ஷூட்டுக்குக் கூப்பிடவில்லை.

சீரியல் எழுதுகிற நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கூடத்து சோபாவையும் மாடிப்படியையும் பார்த்துப் பார்த்து எங்களுக்கும் அலுத்துவிட்டது. ஒரு கதையை மரக்காணத்துக்குக் கொண்டுபோங்கள். லைட்டுக்குச் செலவில்லை, வெள்ளைத் தரையிலிருந்து எழும்புகிற வெயில் கேமராமேனின் கண்ணையே கூசச் செய்யும். அந்த வெயிலில் வருஷக்கணக்காக வேலை செய்கிறவர்களின் கண்ணுக்கு என்ன ஆகிறது என்பதையே பத்து எபிசோடு எழுதலாம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஷூட்டிங்குக்காகப் பாத்தியில் இறங்கும்போது, அங்கே உப்பு வாரிக்கொண்டிருப்பவர்களை ஃபிரேமை விட்டு ஓரமாகப் போகச் சொல்லாதீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், அவர்களுடைய அன்றைய கூலியை புரொடக்‌ஷன் கணக்கில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.